வாசகர் கேள்வி – பதில்: தொட்டி நிரம்பிவிட்டால் அமைப்பு தயாரா?

வணிகச் சமையலறைகளில் அடுப்புக்கு மேலே, புகையை உறிஞ்சும் கூண்டான ஹூடுக்குள் பொருத்தும் வெட் கெமிக்கல் தீயணைப்பு அமைப்பு (எண்ணெய்த் தீயில் பொட்டாசியம் உப்புத் திரவத்தைப் பீய்ச்சி அணைப்பது) பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். ஒருமுறை பீய்ச்சி முடித்த அமைப்பை மறுபடி பணிக்குக் கொண்டுவருவது பற்றியே பலரும் கேட்டிருக்கிறார்கள். தொட்டி, சிலிண்டர், கார்ட்ரிட்ஜ் (திரவத்தைத் தள்ளும் வாயு அடைத்த சிறு கலன்) ஆகியவற்றைக் கழற்றி நிரப்பும் வேலையை அந்தத் தயாரிப்பில் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். ஆனால், அவர் என்ன செய்கிறார், எதை விட்டுவிட்டார் என்று பார்த்துக் கேட்கும் அளவுக்குச் சமையலறைப் பொறுப்பாளருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கே: நேற்றிரவு ஃபிரையரில் (எண்ணெயில் பொரிக்கும் சாதனம்) தீப்பிடித்தது. அமைப்பு தானே இயங்கி அணைத்துவிட்டது. துடைத்துவிட்டு இன்று அடுப்பைப் பற்றவைக்கலாமா? திரவத்தை வார இறுதியில் நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார் மேலாளர்.

ப: பற்றவைக்காதீர்கள். இந்த அமைப்புக்கு ஒரே ஒரு வீச்சுதான். இயங்கியபின் தொட்டியில் மிஞ்சுவது எதற்கும் உதவாது. கேஸ் வால்வு மூடிக்கொண்டு, யாராவது கையால் ரீசெட் செய்யும்வரை திறக்காமல் இருப்பதும் இதற்காகத்தான். அந்த வால்வைக் கம்பியால் கட்டித் திறந்து வைப்பதும், பைபாஸ் போட்டு கேஸ் விடுவதும் அடுத்த தீயைத் தடுக்க ஆளில்லாமல் வரவேற்பதாகும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சமையல் எண்ணெய் தானாகவே தீப்பிடிக்க ஏறக்குறைய 360 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் வேண்டும். பொரிக்கும் சூடு 180 டிகிரியைச் சுற்றித்தான். எண்ணெய் தானாகப் பற்றிக்கொண்டது என்றால், தெர்மோஸ்டாட்டும் கைவிட்டிருக்கிறது, அதற்குக் காவலாக இருக்கும் ஹை-லிமிட் சுவிட்சும் கைவிட்டிருக்கிறது. ஃபிரையரைப் பழுதுபார்க்காமல் அமைப்பை மட்டும் நிரப்பினால் நேற்றைய காரணம் அப்படியே காத்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது சுத்தம். முதலில் எல்லாச் சாதனங்களும், முக்கியமாக எண்ணெய், முழுவதும் ஆற வேண்டும். சூடான எண்ணெயில் தண்ணீர் பட்டால் அது நீராவியாக வெடித்து எண்ணெயை மேலே வாரி இறைக்கும். மின்சாரச் சாதனங்களின் இணைப்பைத் துண்டியுங்கள். ரப்பர் கையுறை, கண்ணாடி அணிந்து, படிந்த நுரையையும் பிசுக்கையும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, நல்ல தண்ணீரால் இரண்டு தடவை அலசுங்கள். இதை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். பொட்டாசியம் உப்புகள் கலந்த இந்தத் திரவம் காய்ந்து கிடந்தால் அலுமினியம், பித்தளை, செம்பு ஆகியவற்றை அரிக்கும். ஸ்டெயின்லெஸ் தகட்டில்கூடக் கறை விழலாம். ஃபிரையர் எண்ணெயை மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், வடிகட்டிப் பயன்படுத்த முடியாது. திறந்திருந்த உணவுப் பொருட்களுக்கும் அதே விதிதான்.

ஹூடு ஃபில்டர்களுக்குப் பின்னாலும், டக்ட் (புகை வெளியேறும் பெருங்குழாய்) வாயிலும் உள்ள நாசில்கள்கூட (திரவம் பீய்ச்சும் முனைகள்) அதே நேரத்தில் பீய்ச்சியிருக்கும். எனவே ஃபில்டர்களைக் கழற்றி உள்ளேயும் கழுவ வேண்டும். பர்னர் துளைகளையும் பைலட் குழாயையும் மறந்துவிடாதீர்கள்.

கே: சர்வீஸ் ஆள் வந்தார், திரவம் ஊற்றினார், புது டேக் மாட்டினார், அரை மணி நேரத்தில் போய்விட்டார். இது போதுமா? முழு மறுநிரப்பல் என்றால் என்னென்ன?

ப: போதாது. திரவம் ஊற்றுவது மொத்த வேலையில் சிறு பங்குதான். லிங்க் (சூட்டில் உருகிப் பிரியும் உலோகத் துண்டு) உருக வேண்டும், அது பிடித்திருக்கும் கேபிள் தளர வேண்டும், அமைப்பை இயக்கும் விடுவிப்புப் பெட்டியின் ஸ்பிரிங் பாய வேண்டும், கார்ட்ரிட்ஜ் துளைபட வேண்டும், வாயு தொட்டிக்குள் போக வேண்டும், குழாய் அடைப்பில்லாமல் இருக்க வேண்டும், நாசில் சரியான இடத்தைப் பார்த்திருக்க வேண்டும், கேஸ் மூட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் நிரம்பிய தொட்டி சும்மாதான் நிற்கும். இவை ஒவ்வொன்றும் நடக்கிறது என்று காட்டிய பிறகுதான் மறுநிரப்பல் முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

கார்ட்ரிட்ஜ் வகை அமைப்பில் வேலை இந்த வரிசையில் போகும்.

முதலில் காலியான கார்ட்ரிட்ஜைக் கழற்றி, விடுவிப்புப் பெட்டியில் பூட்டு ஊசியைச் செருகுவார்கள். இந்த இரண்டையும் செய்யாமல் வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. அடுத்து, எந்த லிங்க் உருகியது என்று பார்க்க வேண்டும். தீ எங்கே தொடங்கியது என்பதை அதுவே சொல்லும்.

பிறகு குழாயைக் கழுவுதல். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பீய்ச்சி முடிந்ததும் குழாயின் உட்சுவரில் திரவம் படிந்திருக்கும். அடுத்த சில வாரங்களில் அது உலர்ந்து உப்புப் படிகமாகும். நாசிலின் துளை சில மில்லிமீட்டர்தான், அதற்கு முன்னால் ஒரு சிறு வடிகட்டி வேறு. ஒரு படிகம் போய் உட்கார்ந்தால் அந்த நாசில் செத்தது. எனவே தொட்டியில் பாதியளவு வெதுவெதுப்பான சாதாரணத் தண்ணீர் ஊற்றி, வாயு அழுத்தத்தில் குழாய் வழியாக வெளியேற்ற வேண்டும். பின்னர் தண்ணீர் இல்லாமல் வாயுவை மட்டும் செலுத்தி உள்ளே தேங்கியதை ஊதித் தள்ள வேண்டும். நாசில்களில் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டால் அடுப்பு நனையாது. எந்தப் பை குறைவாக நிறைகிறதோ அந்தக் கிளையில் அடைப்பு என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து நாசில்களைக் கழற்றி, வடிகட்டியைச் சுத்தம் செய்து, அதே இடத்தில் அதே நாசிலை மாட்ட வேண்டும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஃபிரையர் நாசிலும் டக்ட் நாசிலும் வேறு வேறு. நாசிலின் உடலில் பொறித்த குறியெண்ணைப் படித்துத்தான் மாட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூடி புதிதாகவோ, கிழியாமல் சுத்தமாகவோ இருக்க வேண்டும். மூடி இல்லாத நாசிலுக்குள் எண்ணெய்ப் புகை நேராகப் போய்ப் படியும். மூடி கெட்டியாகிப் போயிருந்தால் அழுத்தத்துக்குத் திறக்காது.

இப்போதுதான் தொட்டி. தொட்டித் தலையைக் கழற்றி, உள்ளே அரிப்பு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்து, கேஸ்கெட்டையும், வெடிதகடு (அழுத்தம் ஏறியதும் உடைந்து வழிவிடும் தகடு) உள்ள மாடல் என்றால் அந்தத் தகட்டையும் மாற்ற வேண்டும். அதே தயாரிப்பாளரின் அதே திரவத்தை, தொட்டிக்கு உரிய அளவில், அறை வெப்பத்தில், மெதுவாக ஊற்ற வேண்டும். பரவலாகப் புழங்கும் அளவுகள் 1.5 கேலன் (ஏறக்குறைய 5.7 லிட்டர்), 3 கேலன் (ஏறக்குறைய 11.4 லிட்டர்). வேகமாக ஊற்றினால் நுரை எழும்பி அளவு பொய்யாகத் தெரியும். கூடுதலாக ஊற்றினாலும் கெடுதல்தான்: வாயு விரிய மேலே இடம் இருக்காது, திரவம் வாயுக் குழாய்க்குள் ஏறும். குறைத்து ஊற்றினால், கடைசி நாசிலுக்குத் திரவம் போய்ச் சேரும் முன்பே வாயு புகுந்துவிடும். தண்ணீர் விட்டு நீர்த்துப்போகச் செய்வது கூடவே கூடாது.

புது லிங்குகளை மாட்டி, கேபிளை இழுவைக்குக் கொண்டுவந்த பின், கார்ட்ரிட்ஜ் இல்லாமலேயே சோதனை. விடுவிப்புப் பெட்டியிலிருந்து கடைக்கோடியில் உள்ள சோதனை லிங்கை வெட்ட வேண்டும். ஏன் கடைக்கோடி? கேபிள் எந்த முனையிலும் மூலைக் கப்பியிலும் சிக்காமல் ஓடுகிறது என்பது அப்போதுதான் உறுதியாகும். ஸ்பிரிங் பாய வேண்டும், கேஸ் வால்வு மூட வேண்டும், மின்சார அடுப்புகள் நிற்க வேண்டும், அலாரம் இணைப்பு இருந்தால் அது ஒலிக்க வேண்டும். கையால் இழுக்கும் பெட்டியையும் தனியாக ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 17ஏ தரநூல்படி அதற்கு 178 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது, 356 மில்லிமீட்டருக்கு மேல் இழுக்க நேரக் கூடாது. இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் எங்கோ கேபிள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் ரீசெட் செய்து, பூட்டு ஊசி உள்ளே இருக்கும்போதே, எடை பார்த்த புதிய கார்ட்ரிட்ஜைத் திருக வேண்டும். அதன்பிறகு ஊசியை எடுக்க வேண்டும். மூடியைப் போட்டு சீல் வைக்க வேண்டும். ஊசியை எடுக்க மறந்துவிட்டுப் போவதுதான் இந்தத் தொழிலின் மிக ஆபத்தான மறதி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும், தீப்பிடித்தால் ஒரு சொட்டும் வராது. ஆள் கிளம்பும் முன் “ஊசி எங்கே, காட்டுங்கள்” என்று கேளுங்கள்.

உங்களுடையது அழுத்தம் அடைத்த சிலிண்டர் வகை என்றால் நடுப்பகுதி மட்டும் மாறும். மிச்ச அழுத்தம் முழுவதையும் வெளியேற்றிய பிறகே வால்வைக் கழற்றுவார்கள். ஓ-ரிங்குகளை மாற்றி, உறிஞ்சுக் குழாயைச் சுத்தம் செய்து, குறிப்பிட்ட அளவு திரவம் நிரப்பி, உலர் நைட்ரஜன் ஏற்றுவார்கள். லேபிளில் உள்ள அழுத்தமே கணக்கு. சில மாடல்களுக்கு 12 பார், சிலவற்றுக்கு 15.5 பார், அதுவும் 21 டிகிரி வெப்பத்தில். நைட்ரஜனுக்குப் பதில் கம்ப்ரசர் காற்று ஏற்ற விடாதீர்கள். அதில் ஈரமும் எண்ணெயும் இருக்கும். கடைசியில் வால்வைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்க வேண்டும்.

இத்தனையும் அரை மணி நேரத்தில் நடக்காது.

கே: தொட்டியில் கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கிறது. அதன் மேலேயே புதிதாக ஊற்றலாமா? வேறு தயாரிப்பாளரின் திரவம் கைவசம் இருக்கிறது.

ப: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். மிச்சத்தைக் கொட்டி, தொட்டியைக் கழுவி, முழுவதும் புதிதாக நிரப்ப வேண்டும். பொட்டாசியம் கார்பனேட், அசிடேட், சிட்ரேட் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கலவை வைத்திருக்கிறார்கள். கலந்தால் வண்டல் படியலாம், நுரைக்கும் தன்மை மாறலாம். திரவம், நாசில், அழுத்தம் மூன்றையும் சேர்த்துத்தான் அந்த அமைப்பைச் சோதித்து ஏற்றிருக்கிறார்கள். ஒன்றை மாற்றினால் அந்தச் சோதனை உங்கள் சமையலறைக்குப் பொருந்தாது.

கே: தீயே இல்லை. காலையில் அடுப்புகளைப் பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் அமைப்பு பீய்ச்சிவிட்டது. மறுநிரப்பல் செய்தோம், அடுத்த மாதம் மறுபடி அதே கதை. ஏன்?

ப: முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் விசிறி மீது. விசிறி ஓடாமல் பர்னர்கள் எரிந்தால் ஹூடுக்குள் சூடு தேங்கி, லிங்க் தன் கடமையைச் செய்துவிடும். விசிறி ஓடினாலும் பெல்ட் நழுவியிருக்கலாம், ஃபில்டர்கள் அடைத்திருக்கலாம். விசிறி ஓடாமல் கேஸ் திறக்காதபடி இன்டர்லாக் வைப்பது நிரந்தரத் தீர்வு.

இரண்டாவது, லிங்கின் வெப்ப அளவு. அந்த இடத்தில் அடுப்புகள் அனைத்தும் முழுச் சூட்டில் இருக்கும்போது பதிவாகும் உச்ச வெப்பத்தை அளந்துதான் லிங்க் தேர்வு செய்ய வேண்டும். 74 டிகிரி லிங்க் 38 டிகிரி வரையுள்ள இடத்துக்கு, 100 டிகிரி லிங்க் 66 டிகிரி வரைக்கு, 138 டிகிரி லிங்க் 107 டிகிரி வரைக்கு. இதற்கும் மேல் 182, 232 டிகிரி லிங்குகளும் உண்டு. எரிகரி, நேரடித் தணல் அடுப்புகளுக்கு மேல் 74 டிகிரி லிங்க் மாட்டினால் தவறாகப் பீய்ச்சுவது உறுதி. அதே சமயம், தொல்லை வேண்டாம் என்று எல்லா இடத்திலும் 232 டிகிரி லிங்க் போடுவதும் தவறு. தீ வளர்ந்த பிறகுதான் அமைப்புக்குத் தெரியவரும். அளக்காமல் ஊகித்து மாற்றும் ஆளை அனுமதிக்காதீர்கள்.

மூன்றாவது, லிங்கின் வயது. இரண்டு தகட்டைச் சேர்த்துப் பற்றவைத்திருப்பது ஒரு மெல்லிய உலோகக் கலவை. கேபிளின் இழுவையும் தினசரிச் சூடும் சேர்ந்து அது மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எரியாவிட்டாலும், புதிது மாட்டச் சொல்கிறது தரநூல். பழையதில் பொறித்த ஆண்டைப் பாருங்கள், ஏமாற்று அங்கேயே வெளிப்படும். பழைய லிங்கின் மேல் தடித்த எண்ணெய்ப் படலம் இருந்தால் எதிர்த்திசையில் கெடுதல்: சூடு ஏறத் தாமதமாகும்.

நான்காவது, கழுவும் ஆட்கள். அழுத்த நீராலும் நீராவியாலும் ஹூடைக் கழுவும்போது லிங்க் மீது நேராக அடித்தாலோ, கேபிளில் ஏணி இடித்தாலோ அமைப்பு விடுபடும். ஹூடு கழுவும் நாளில் பயிற்சி பெற்றவர் வந்து கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பூட்டிவைத்து, முடிந்ததும் திரும்பப் பொருத்திக் கையெழுத்திட வேண்டும். அந்த இடைவெளியில் அடுப்பு எரியக் கூடாது.

கே: சிலிண்டரின் அழுத்த அளவியில் முள் பச்சையில் நிற்கிறது. அப்படியானால் அமைப்பு சரிதானே?

ப: சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். குழாய் அடைப்பு, லிங்க், பூட்டு ஊசி பற்றி முள்ளுக்கு எதுவும் தெரியாது. கார்ட்ரிட்ஜ் வகையில் தொட்டிக்கு அழுத்தமே இல்லை, அதனால் அளவியும் இருக்காது. அங்கே எடைதான் சாட்சி. கார்ட்ரிட்ஜின் உடலில் பொறித்த எடையைவிட அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் குறைந்தாலே மாற்ற வேண்டும். சமையலறைத் தராசு போதாது, கிராம் துல்லியம் காட்டும் தராசு வேண்டும்.

கே: அடுப்பு ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு ஃபிரையர் வைத்தோம். நாசில் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த மறுநிரப்பல்வரை ஓடட்டுமா?

ப: கூடாது, இது மறுநிரப்பல் விஷயமே இல்லை. அமைப்பை மறுபடி வடிவமைக்க வேண்டும். அடுப்புக்குப் போட்ட நாசில் ஃபிரையருக்கு வேண்டிய அளவு திரவத்தை, வேண்டிய கோணத்தில் தராது. ஒவ்வொரு நாசிலுக்கும் ஓட்ட எண் (எவ்வளவு திரவம் விடும் என்பதைக் குறிக்கும் எண்) உண்டு. ஒவ்வொரு தொட்டிக்கும் அதிகபட்சக் கூட்டுத்தொகை உண்டு. பரவலாக உள்ள ஒரு மாடலில் 1.5 கேலன் தொட்டி 5 எண்வரையும், 3 கேலன் தொட்டி 11 எண்வரையும்தான் தாங்கும். ஃபிரையர் நாசிலைக் கூட்டியதும் கணக்கு மீறினால் எல்லா நாசில்களுக்குமே திரவம் குறையும்.

ஃபிரையருக்கும் பக்கத்துத் திறந்த சுடருக்கும் இடையே 406 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் 203 மில்லிமீட்டர் உயரமான எஃகு அல்லது கடினக் கண்ணாடித் தடுப்பு வைக்க வேண்டும். சக்கரம் வைத்த சாதனங்களில் இன்னொரு சிக்கல்: கழுவ இழுத்தவர்கள் திரும்ப ஒரு முழம் தள்ளி நிறுத்திவிடுவார்கள், நாசில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தரையில் சக்கரக் குழி அல்லது நிறுத்துத் தடை பொருத்திவிடுங்கள்.

கே: எங்களிடம் பழைய உலர் பொடி அமைப்பு இருக்கிறது. அதே சிலிண்டரிலும் குழாயிலும் வெட் கெமிக்கல் நிரப்பிவிட முடியாதா?

ப: முடியாது. பொடி சுடரை அடித்து அணைக்கும், ஆனால் எண்ணெயைக் குளிர்விக்காது. முன்பு விலங்குக் கொழுப்பு அதிகம் புழங்கிய காலத்தில் அது போதுமாக இருந்தது. தாவர எண்ணெய் இன்னும் அதிகச் சூட்டில்தான் பற்றுகிறது. இன்றைய ஃபிரையர்களோ சூடு வெளியேறாதபடி கனமாகக் காப்பிட்டவை, அணைந்த எண்ணெய் நெடுநேரம் பற்றும் சூட்டிலேயே நிற்கும், பொடி கலைந்ததும் மறுபடி பற்றிக்கொள்ளும். இதனால்தான் 1994 நவம்பர் 21 முதல் அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனமான யுஎல்லின் யுஎல் 300 என்ற கடுமையான சோதனை நடைமுறைக்கு வந்தது.

வெட் கெமிக்கல் வேறு விதமாக வேலை செய்கிறது. பொட்டாசியம் கலந்த காரத் திரவம் சூடான கொழுப்போடு சேர்ந்து சோப்பாக மாறுகிறது. அந்தச் சோப்பு நுரை எண்ணெயை மூடிக் காற்றைத் தடுக்கிறது. திரவத்தில் உள்ள தண்ணீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துச் செல்கிறது. நுரை நிலைத்து நின்றால்தான் எண்ணெய் ஆற நேரம் கிடைக்கும். அதற்கு நுண்துளிகளாக, மென்மையாக விழ வேண்டும். பொடிக்கான நாசிலும் அழுத்தமும் எரியும் எண்ணெயைத் தெறிக்க வைத்துவிடும். குழாயிலும் வேறுபாடு உண்டு. துத்தநாகம் பூசிய குழாயைப் பல தயாரிப்பாளர்கள் திரவம் செல்லும் வழியில் தடை செய்கிறார்கள், கறுப்பு இரும்பு, குரோம் பூச்சு, ஸ்டெயின்லெஸ் இவற்றைத்தான் ஏற்கிறார்கள். பழையதைக் கழற்றிப் புதிதாகப் போடுவதே வழி.

கே: அமைப்பு இயங்கும்போது எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்த வேண்டுமா?

ப: நிறுத்த வேண்டாம். புகையையும் வெப்பத்தையும் அது வெளியே இழுக்கும். டக்ட் நாசில்களின் திரவத்தையும் உள்ளே கொண்டுபோகும். ஹூடுக்குள்ளேயே ஊதும் வெளிக்காற்று விசிறி மட்டும் நிற்க வேண்டும்.

கே: தொட்டிக்கும் காலாவதி உண்டா?

ப: வெட் கெமிக்கல் தொட்டி, வாயுக் கலன், ரப்பர் குழாய் இணைப்புகளுக்கு 12 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. தேதி கலனில் பொறித்திருக்கும். சோதனை நெருங்கியிருந்தால் மறுநிரப்பலின்போதே முடித்துவிடுங்கள், ஊற்றிய திரவத்தை மறுபடி கொட்ட வேண்டியிராது.

கே: மறுநிரப்பல் முடிந்ததும் ஊழியர்களுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும்? பக்கத்தில் கே வகுப்புக் கைத் தீயணைப்பானும் வைத்திருக்கிறோம்.

ப: வரிசையைச் சொல்லித்தாருங்கள். அமெரிக்க வகைப்பாட்டில் கே என்பதும் ஐரோப்பிய வகைப்பாட்டில் எஃப் என்பதும் ஒன்றே, சமையல் எண்ணெய்த் தீ. ஃபிரையர் பற்றியதும் முதலில் கையிழுப்புப் பெட்டியை இழுக்க வேண்டும், அதனால்தான் கேஸும் மூடும். கைத் தீயணைப்பானை எடுப்பது அதன் பிறகு, மிச்சத் தீ இருந்தால் மட்டும். தீயணைப்பானை முதலில் அடித்தால், அடியில் பர்னர் எரிந்துகொண்டே இருக்கும், எண்ணெய் ஆறாது.

கையிழுப்புப் பெட்டி வெளியேறும் வழியில், ஹூடிலிருந்து 3 முதல் 6 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 1.07 முதல் 1.22 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதன் முன் சாமான் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கே தீயணைப்பான் 9 மீட்டர் நடைதூரத்துக்குள் இருக்க வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர்களையும் அழைத்து, பெட்டி இருக்கும் இடத்துக்கு நடக்கவைத்துக் கைப்பிடியைக் காட்டுங்கள். தண்ணீர் வாளியைத் தூக்கக் கூடாது என்பதை அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள்.